சேய்மை உறவு

‘டிஸ்டன்ட்லி ரிலேட்டட்’ என்று உயிரியல் நூல்கள் சொல்வதைத் தமிழில் ‘சேய்மை உறவுடையவை’ எனலாம். டிஸ்டன்ட் என்பதன் லத்தீன் வேருக்கு விலகி நிற்றல் என்று பொருள். ரிலேட்டட் என்பதன் வேருக்குப் பின்னோக்கிக் கொண்டுபோதல். எதுவரை கொண்டுபோவது? பொது மூதாதை வரை. உயிரியல் பொருள் முழுக்க அதில் இருக்கிறது.

சேய்மை, அண்மைக்கு எதிர்ச்சொல். உறவு, ‘உறு’ என்னும் வினையடியில் பிறந்தது. ‘மை’யை விட்டுச் ‘சேய் உறவு’ என்று சுருக்கினால் தாய்–சேய் உறவாகிவிடும், சுருக்க வேண்டாம்.

‘தூரத்துச் சொந்தம்’ எளிய வழக்குதான். ஆனால் பெண் கொடுத்து எடுத்த சொந்தமும் அதில் சேரும். உயிரினக் கிளைகளுக்குள் சம்பந்தி முறை பொதுவாகக் கிடையாது (பாக்டீரியாக்கள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்வது தனிக்கதை). எனவே ‘பங்காளி’யே கருத்துக்கு நெருக்கம்: எத்தனை தலைமுறைக்கு முன் பாட்டன் ஒருவர் என்பதே கணக்கு. ஜெர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் உறவை இப்படித்தான் கறாராக வரையறுத்தார்.

உருவ ஒற்றுமை இந்தக் கணக்கில் ஏமாற்றும். பாக் நீரிணையில் ஆவுளியாவும் (கடற்பசு) ஓங்கிலும் (டால்ஃபின்) நீந்துகின்றன. இரண்டுக்கும் துடுப்பு, கிடைமட்ட வால். ஆனால் ஆவுளியாவின் பங்காளி யானை; பொது மூதாதை ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. முன்னங்கால் பக்கம் பால்மடி ஆவுளியா, யானை இரண்டுக்கும் உண்டு. ஓங்கிலோ நீர்யானை, மாடு வகையறா. ஆவுளியாவையும் ஓங்கிலையும் இணைக்கும் மூதாதைக்கு இன்னும் சில கோடி ஆண்டுகள் பின்னால் போகவேண்டும். நீரில் வாழ்ந்ததால் வந்த ஒற்றுமைக்குப் பெயர் குவிப் பரிணாமம். குளத்திலும் இதே கதைதான்: தாமரையும் அல்லியும் சேய்மை உறவே.

உயிரினங்கள் கிளைபிரிந்த விதத்தை மரம்போல் வரைந்து காட்டுவது கிளைப்படம்; நுனிகள் உயிரினங்கள், கிளை பிரியும் கணு பொது மூதாதை. அதில் உறவு பார்க்க, இரண்டு நுனிகளில் விரல் வைத்து வேரை நோக்கி இறக்குங்கள். விரல்கள் சந்திக்கும் கணு வேருக்கு எவ்வளவு அருகிலோ, உறவு அவ்வளவு சேய்மை. நுனிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக்கூடாது. கணுவில் கிளைகளை இடம் வலமாகத் திருப்பினாலும் படம் சொல்லும் உறவு மாறாது. வழியிலுள்ள கணுக்களை எண்ணுவதும் தவறு. கெண்டைக்கு நெருக்கம் தவளையா மனிதனா என்றால் பலரும் தவளை என்பார்கள். இரண்டும் சம தூரம். தவளையும் மனிதனும் பிரிந்தது, கெண்டையின் கிளை விலகிப்போன பிறகு.

எல்லா உயிரும் ஏதோவொரு கணுவில் சேர்வதால், ‘சேய்மை உறவு’ என்று எழுதும்போது எதனோடு ஒப்பிட்டால் என்று மூன்றாவது உயிரையும் குறிப்பிட வேண்டும்.