ரிடண்டன்சி: போனது ஆளா, நாற்காலியா?

மதுரையில் காலை ஆறு மணிச் செய்தி ஓடும்போது லண்டனில் நள்ளிரவு தாண்டி அரை மணி. 2025 நவம்பரில் அந்த நேரத்தில்தான் என் சித்தி தன் மகளைத் தொலைபேசியில் எழுப்பினார். "என்னம்மா தப்பு செய்தாய்?" என்பது முதல் கேள்வி. மகள் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறாள். திரையின் அடியில் ஓடிய வரி: 'பிரிட்டன் சுகாதாரத் துறையில் 18,000 பேர் பணிநீக்கம்.'

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி இனி வேண்டாம் என்று அரசு முடிவு செய்தது. ஆங்கிலத்தில் அதற்கு ரிடண்டன்சி என்று பெயர். தமிழ்ச் செய்தி அதைப் பணிநீக்கம் ஆக்கிவிட்டது.

லத்தீனில் 'ரெடுண்டாரே' என்றால் கரைபுரண்டு வழிதல். உள்ளே இருப்பது 'உண்டா', அதாவது அலை. வழிந்தது, மிஞ்சியது, தேவைக்கு மேற்பட்டது என்று பொருள் நகர்ந்தது. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தில், நிறுவனம் மூடப்படுவதாலோ, குறிப்பிட்ட வேலைக்கு ஆள் தேவை குறைவதாலோ ஒருவர் வேலை இழப்பதை அது குறிக்கிறது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

2025 மார்ச் 13 அன்று பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர், சுகாதார சேவையின் 'என்எச்எஸ் இங்கிலாந்து' என்ற தலைமை அமைப்பையே கலைத்து சுகாதார அமைச்சகத்தோடு சேர்க்கப்போவதாக அறிவித்தார். வட்டார அளவில் உள்ள 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களும் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றார்கள். இதில் குற்றம் எங்கே, விசாரணை எங்கே?

நம் ஊரில் பணிநீக்கம் என்ற சொல்லுக்கு ஒரு வாடை உண்டு. லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட எழுத்தருக்கு முதலில் பணியிடை நீக்கம், பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, கடைசியில் பணிநீக்கம். சுகாதார சேவையில் ரிடண்டன்சியால் போகிறவருக்கோ பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் 24 மாதம் வரை, கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். லஞ்சம் வாங்கியவருக்கு யார் இப்படிக் கொடுக்கிறார்கள்? அப்போதைய சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி கொண்டுவந்த 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதன்மைப் பராமரிப்பு அறக்கட்டளைகள் என்ற வட்டார அமைப்புகள் கலைந்தபோது, இழப்பீடு வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் அதே சேவைக்குள் வேறு அலுவலகத்தில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 'பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் மீண்டும் பணியில்' என்று தமிழில் எழுதினால் ஊழல் செய்தி போல இருக்கும்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'மிகைமை நீக்கம்' என்கிறார். 'டேட்டா ரிடண்டன்சி'க்குத் 'தரவு மிகைமை' என்று கணினிப் பாடத்தில் இருக்கிறதே, அதையே இங்கும் ஆளலாமே என்பது அவர் வாதம். தரவு மிகைமை என்றால் ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதிவைத்திருப்பது. என் தங்கை யாருடைய நகலும் அல்ல. பிறப்பறுக்கத் துணிந்தவர்க்கு 'உடம்பும் மிகை' என்றார் வள்ளுவர். அது துறவிக்குச் சரி. வீட்டுக்கடன் கட்டுகிறவளைப் பார்த்து 'நீ மிகை' என்பது மொழிபெயர்ப்பா, வசவா? மிஞ்சியது பணியிடம்தான், ஆள் அல்ல. பிரிட்டன் சட்டப்படி ரிடண்டன்சியும் வேலையிலிருந்து நீக்குவதில் ஒரு வகைதானே என்று அவர் மடக்குவார். இருக்கட்டும். பூனையும் புலியும் ஒரே குடும்பம்தான், அதற்காகப் பூனை வந்ததைப் புலி வந்தது என்று செய்தி போடுவதா?

இத்தனைக்கும் சொல் நம்மிடமே இருக்கிறது: ஆட்குறைப்பு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் பேசிய 'ரிட்ரெஞ்ச்மென்ட்'டுக்குத் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் பயன்படுத்திய சொல் அது. ஒழுங்கு நடவடிக்கையாகத் தரும் தண்டனை ஆட்குறைப்பில் சேராது என்று அந்தச் சட்டமே வரையறுத்தது. கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும், மீண்டும் ஆள் எடுத்தால் போனவருக்கே முன்னுரிமை என்றும் சொன்னது. ஒரு குறை உண்டு. 'அவள் ஆட்குறைப்பு செய்யப்பட்டாள்' என்று எழுத முடியாது. 'ஆட்குறைப்பில் வேலை இழந்தாள்' என்று எழுதினால் தீர்ந்தது. வேறு இடத்துக்கு மாற்றினால் அதற்கும் நம் பள்ளிக் கல்வித் துறையில் அருமையான சொல் புழங்குகிறது: பணி நிரவல். உபரி ஆசிரியர்களை எந்த ஆங்கில அகராதியையும் புரட்டாமல் நிரவிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்தி அறைகளில் இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? இப்போது ஆங்கில 'வொர்க்ஃபோர்ஸ்' என்பதைப் 'பணியாளர் படை' என்றும் எழுதுகிறார்கள். செவிலியரும் எழுத்தரும் எந்தப் போருக்குப் போகிறார்கள்? 'பணியாளர்கள்' என்றால் போதாதா?

அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று சித்தி என்னிடம் கேட்டார். ஆட்குறைப்பு என்றேன்.

"உன் சித்தப்பாவுக்கு மில்லில் நடந்ததே, அதுவா?"

அதேதான் என்றேன்.