இந்தியாவுக்குப் பாக்கு அனுப்புவோருக்கு: கிலோ 351 ரூபாய் விதி என்ன சொல்கிறது?

பர்மாவில் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் நம்மவர்களும், தோப்புகளில் கொட்டைப்பாக்கு வாங்கி மூட்டை கட்டும் சிறு வியாபாரிகளும் இந்தியாவின் 351 ரூபாய் விதியைப் பற்றிக் கேள்விப்படும்போது, ஒரு கிலோ பாக்குக்கு அங்கே கிடைக்கும் குறைந்தபட்ச விலை அது என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் அது யாருக்கும் உறுதியளிக்கப்பட்ட விலை அன்று. இந்தியாவின் வாசலில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு வரம்பு அது. அந்த வரம்புக்குக் கீழே மதிப்பிடப்பட்ட பாக்கு உள்ளே நுழையக் கூடாது என்பதே விதியின் பொருள். இந்த வேறுபாட்டை அறியாமல் முன்பணம் வாங்குவதும் கொடுப்பதும் பெரிய இழப்பில் முடியலாம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம், 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம் தரும் அதிகாரத்தின்படி இந்த வரம்பை அறிவிக்கிறது. 2018 ஜூலையில், கிலோவுக்கு 251 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பாக்கு தடைசெய்யப்பட்ட சரக்கு என அறிவிக்கப்பட்டது. 2023 பிப்ரவரி 14 அன்று அந்த வரம்பு 351 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கர்நாடகம், கேரளம், அசாம் ஆகிய மாநிலங்களின் கமுகு விவசாயிகள் வெளிநாட்டு மலிவுப் பாக்கால் நலிந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். அவர்களுடைய கவலை நியாயமானதே. ஆனால் அதே விதி பர்மாவின் பெகுவிலோ தட்டோனிலோ தோப்பு வைத்திருக்கும் தமிழரின் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

351 ரூபாய் என்பது தோப்பில் பேசும் விலையைக் குறிப்பதில்லை. சரக்கின் விலை, காப்பீடு, இந்தியச் சுங்க நிலையத்தை அடையும் வரையிலான வண்டி அல்லது கப்பல் கூலி ஆகிய மூன்றையும் சேர்த்து வரும் மதிப்பே கணக்கில் கொள்ளப்படும். எனவே தோப்பிலிருந்து எல்லை வரை ஆகும் லாரிச் செலவு இதில் சேரும். எல்லையைக் கடந்த பிறகு இம்பாலுக்கோ கௌகாத்திக்கோ கொண்டுசெல்லும் செலவு சேராது. நாம் இன்னும் வீசையில்தான் நிறுக்கிறோம். பர்மா வீசை ஏறத்தாழ 1.63 கிலோ என்பதால், வரம்பு வீசைக்குச் சுமார் 573 இந்திய ரூபாய் ஆகிறது. பழைய சென்னை வீசை சுமார் 1.4 கிலோதான், பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1,000 கிலோ, அதாவது ஏறக்குறைய 612 வீசை அனுப்பினால், எல்லையில் அதன் மதிப்பு 3,51,000 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அதற்கு மேல் வரி வருகிறது. சலுகை எதுவும் பெறாத பாக்குக்கு இந்தியாவின் அடிப்படைச் சுங்க வரி 100 சதவீதம். ஆகவே 351 ரூபாய் மதிப்புள்ள ஒரு கிலோ பாக்கு, பிற வரிகளைச் சேர்ப்பதற்கு முன்பே 702 ரூபாய் ஆகிவிடுகிறது. அந்த விலைக்கு இந்தியச் சந்தையில் அது விற்குமா என்பதை வாங்குபவர் முதலில் கணக்கிட்டாக வேண்டும். வர்த்தக உடன்படிக்கை ஒன்றின் கீழ் வரிச் சலுகை கோரினால், சரக்கு உண்மையில் எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கான சான்று தேவை. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. விளைந்த இடம் பற்றிய விவரங்களை இறக்குமதியாளர் தம் கையில் வைத்திருந்து, சுங்கத்துறை கேட்டால் காட்ட வேண்டும். சலுகை கிடைத்தாலும் அது வரியை மட்டுமே குறைக்கும். 351 ரூபாய் வரம்பைத் தளர்த்தாது. இதை நினைவில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

முழுக் கொட்டை, பிளந்தது, தூளாக்கியது ஆகிய மூன்றுக்கும் வரம்பு பொருந்தும். வறுத்த பாக்கு வேறு வகை என்று கூறிச் சிலர் குறைந்த மதிப்பில் கொண்டுசென்றனர். 2025 ஏப்ரலில் வறுத்த பாக்குக்கும் அதே 351 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டதால் அந்த வழி அடைபட்டது. உள்நாட்டில் விற்காமல் ஏற்றுமதிக்காகவே இயங்கும் ஆலைகளுக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கும் விலக்கு உண்டு. பூட்டானிலிருந்து ஆண்டுக்கு 17,000 டன் பச்சைப்பாக்கை இந்த விலை வரம்பின்றிக் கொண்டுவர 2022இல் அனுமதி அளிக்கப்பட்டது; பர்மாவுக்கு அதைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது. கமுகின் பிற பயன்கள், அதாவது மட்டையில் அழுத்திச் செய்யும் தட்டு, கூரைக்கு ஆகும் மரம் போன்றவை இந்த விலை வரம்பில் வாரா. வரம்பு கொட்டைக்கு மட்டுமே உரியது.

மதிப்பு சரியாக இருந்தாலும் தரத்தில் சரக்கு தவறிவிடலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பாக்கில் ஈரப்பதம் 7 சதவீதத்தை மிஞ்சக் கூடாது. பூஞ்சையால் உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்திய மேற்குக் கரையில் பழுத்த பாக்கை 40 முதல் 45 நாள் வெயிலில் காயவைக்கிறார்கள். பர்மாவின் மோன் மாநிலத்து அடைமழையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈரப் பாக்கை அவசரமாக மூட்டை கட்டுவதைவிட ஒரு பருவம் தாமதிப்பது மேல். புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். தெருவுக்குத் தெரு குன்யாக் கடை, அதாவது வெற்றிலைபாக்குக் கடை உள்ள நாட்டில் வாழும் நாம் அதை மறைத்துப் பாக்கைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

பர்மாவின் எல்லை ஊரான தமுவிலிருந்து எல்லையைக் கடந்தால் இந்தியாவின் மணிப்பூரில் உள்ள மோரே. 1960களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்கள் பலர் அங்கே குடியேறினர். உறவின் பெயரால் சரக்கு கைமாறும் பாதை அது. பண்டமாற்று முறை 2015 டிசம்பர் 1 முதல் கைவிடப்பட்டு, அங்கும் வழக்கமான வர்த்தக விதிகளே பொருந்துகின்றன. "விலைப்பட்டியலில் 351 என்று எழுதிக்கொள்ளலாம், உண்மை விலையை நமக்குள் பார்த்துக்கொள்ளலாம்" என்று எவரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1962ஆம் ஆண்டின் இந்தியச் சுங்கச் சட்டத்தின்படி, பொய் மதிப்பு எழுதிய சரக்கும் தடைசெய்யப்பட்ட சரக்கும் பறிமுதலுக்கு உரியவை. பறிமுதலானால் எல்லைக்கு இப்பால் இருக்கும் தோப்புக்காரருக்குப் பாக்கித் தொகையை வசூலிக்க வழியே இராது. ஆகையால் மூட்டை வண்டியில் ஏறும் முன் வாங்குபவரின் இந்திய இறக்குமதிப் பதிவு எண், எந்தச் சுங்க நிலையம் வழியாகச் சரக்கு போகிறது, பட்டியலில் கிலோவுக்கு எழுதப்போகும் மதிப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பட்டியலின் ஒரு பிரதியைத் தோப்பிலேயே வைத்திருங்கள்.