ஆட்டோமேட்டிக் காருக்கும் கியர் ஆயில் மாற்ற வேண்டும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், புதுச்சேரி அரியாங்குப்பத்தில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஒன்பது வருட ஆட்டோமேட்டிக் செடான், 94,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. "தம்பி, காலையில ரிவர்ஸ் போட்டா ரெண்டு செகண்டு ஒண்ணுமே நடக்கல. அப்புறம் டொக்குன்னு இடிச்சுக்கிட்டு வண்டி பின்னால போவுது" என்றார். என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றியிருக்கிறார். பில்களை எல்லாம் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார். "கியர் ஆயில் எப்ப சார் மாத்துனீங்க?" என்று கேட்டேன். "அது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்னு சொன்னாங்களே" என்றார்.

அவருடைய வண்டியில் கியர்பாக்ஸ் ஆயிலின் அளவைப் பார்க்கத் தனி கேஜ், அதாவது அளவுக் கம்பி, உண்டு. அதை உருவி, வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விட்டேன். பக்கத்திலேயே புது ஆயில் ஒரு சொட்டு. புதியது மாதுளைச் சாறு போலத் தெளிந்த சிவப்பாக, அகலமாகப் பரவியது. அவருடையது காபி டிகாஷன் நிறத்தில் நடுவிலேயே திட்டாக நின்றுவிட்டது. முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். அடி பிடித்த பாத்திரத்தின் தீய்ந்த வாடை. சார் கொஞ்ச நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'லைஃப்டைம்' என்ற அந்த ஒரு வார்த்தை எத்தனை கியர்பாக்ஸைக் காவு வாங்கியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தயாரிப்பதில் பெயர் பெற்ற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லையென்றால் எட்டு ஆண்டுக்குள், தன் கியர்பாக்ஸ்களில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பல கார்களின் கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கு என்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய தூரம், நின்று நின்று ஓட்டம், வெயில், தூசி. நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பாதி அந்த அட்டவணையில்தான் வரும். கையேட்டில் தெளிவாக எதுவும் இல்லாத வண்டிகளுக்கு, டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வகை) என்றால் 60,000, சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் கொண்ட வகை) என்றால் 40,000 கிலோமீட்டர் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்கு முக்கிய வேலை, பற்கள் தேயாமல் வழவழப்பாக வைப்பது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் அப்படி இல்லை. என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவதே அந்த ஆயில்தான். எந்த கியர் விழ வேண்டுமோ அந்த கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பது பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தம். பிளேட் பிடிக்கும்போது உண்டாகும் சூட்டை வாங்கிக்கொண்டு கூலருக்குக் கொண்டு போவதும் அதுவே. சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்தில் மரப்பாலம் சிக்னலிலோ இந்திரா காந்தி சிலை அருகிலோ டி-யில் போட்டு பிரேக்கை மிதித்தபடி நிற்கிறீர்களே, அந்த நேரத்தில் வண்டி நகராவிட்டாலும் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடையப்பட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கிறது. சூட்டில் ஆயிலின் குணம் போகும். பிளேட் தேய்ந்த தூள் கலக்கும். அந்தத் தூள் வால்வுகளில் சிக்கினால் அழுத்தம் வந்து சேர நேரமாகும். தலைமை ஆசிரியர் சொன்ன இரண்டு செகண்டு இப்படி வந்ததுதான்.

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியும் ஒரே ரகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பரவலான ஏ.எம்.டி. உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது. அதற்குச் சாதாரண கியர் ஆயில். சிவிடியில் பெல்ட்டும் புல்லியும் இரும்போடு இரும்பாகப் பிடித்து ஓடுவதால் அதன் ஆயிலே வேறு. ஆயிலில் நனைந்தே ஓடும் ஈர கிளட்ச் இரண்டு கொண்ட டிசிடிக்கு இன்னொன்று. உங்கள் கார் இதில் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? கேஜ் உள்ள வண்டி என்றால் இருபது நிமிடம் ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, லீவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று செகண்டு வைத்து மறுபடி பி-க்குக் கொண்டு வாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேஜை உருவ வேண்டும். அணைத்துவிட்டால் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் கீழே இறங்கி, அளவு அதிகமாகக் காட்டும். சில ஹோண்டா வண்டிகளில் மட்டும் என்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள், ஆகவே கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேஜைத் துடைக்க நூல் பிரியாத துணி வேண்டும். எங்கள் பசங்களிடம் நான் ஓயாமல் கத்துவது இதற்குத்தான்: காட்டன் வேஸ்ட்டில் துடைத்தால் அதன் ஒரு நூல் போதும், உள்ளே மெல்லிய வால்வில் போய் மாட்டிக்கொள்ளும்.

புது மாடல்கள் பலவற்றில் கேஜே கிடையாது. லிஃப்ட்டில் வண்டியைச் சமமாகத் தூக்கி, ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்த்து, நிறுவனம் சொன்ன டிகிரியில் ஓவர்ஃப்ளோ போல்ட்டைத் திறந்து, ஆயில் மெல்லிய நூலாக வழியும்போது மூட வேண்டும். சூட்டில் ஆயில் விரியும் என்பதால் டிகிரி தவறினால் அளவும் தவறும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் ஆயில் நுரைக்கும். இதை வீட்டு வாசலில் செய்ய முயல வேண்டாம்.

நிறம் பற்றி ஒரு விஷயம். பழுப்பானால் வயதாகிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. ரோஸ் மில்க் மாதிரி கலங்கலாக வந்தால் அவகாசம் இல்லை, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற ஒரு பொருள். தண்ணீர் பட்டால் ஊறி உரிந்து வந்துவிடும். நம் பகுதியில் இதற்கு இரண்டு வழி. ஒன்று, ரேடியேட்டருக்குக் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீர் ஊற்றுவது. வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு கரிக்கும். பல கார்களில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருப்பதால், அது அரித்து ஓட்டையானால் ரேடியேட்டர் தண்ணீர் நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும்.

இன்னொன்று வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எத்தனை தெருக்களில் கார்கள் முங்கின என்று உங்களுக்கே தெரியும். ரெயின்போ நகரில் இருந்து ஒரே தெருவின் இரண்டு வண்டிகள் வந்தன. ஒருவர் ஸ்டார்ட் செய்யாமல் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்பினார். மூன்று முறை ஆயிலை இறக்கி ஏற்றினோம், இன்றும் ஓடுகிறது. மற்றவர், ஓடுகிறதா பார்ப்போம் என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டார். மூன்று வாரத்தில் கியர் வழுக்க ஆரம்பித்து, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதாயிற்று. செலவு லட்சத்தைத் தாண்டியது. நின்றுபோன ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். பம்ப் என்ஜினோடு சேர்ந்துதான் சுற்றும். என்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே ஆயில் போகாது.

ஆயிலை மாற்றும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கலாம், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலில் ஊற்றும் பக்கத்து போல்ட் கழலுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே டிரெயின் போல்ட்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஆயில் இறங்கிவிடும், ஊற்ற வழி இருக்காது. இறக்கியதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை இறக்கினால் பாதி ஆயில்கூட வராது, மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நின்றுவிடும். கியர்பாக்ஸின் அடியில் உள்ள பேனில் (ஆயில் தட்டில்) ஒட்டியிருக்கும் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் விபூதி குழைத்தது போல இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்கு இரும்புச் சீவல் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. ஆயிலை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

ஆயில் டப்பாவில் உள்ள குறியீட்டையும் கையேட்டில் உள்ளதையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் கிடையாது. வெளியூரில் ஓர் இடத்தில் சிவிடிக்குச் சாதாரண ஏ.டி.எஃப்., அதாவது டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கான ஆயில், ஊற்றி அனுப்பிய வண்டி ஒன்று என்னிடம் வந்தபோது, மேம்பாலம் ஏறும்போது என்ஜின் கத்தியது, வேகம் ஏறவில்லை. புல்லியில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தது.

தலைமை ஆசிரியரின் காந்தத்தில் குழைவுதான் இருந்தது, சீவல் இல்லை. அத்தனை பழைய ஆயிலை மெஷின் போட்டு ஒரேயடியாக அழுத்தித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஃபில்டரை மாற்றி, இறங்கிய மூன்றரை லிட்டருக்குப் புதியதை ஊற்றி, 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். வந்தார், மறுபடி மாற்றினோம். ரிவர்ஸில் அந்தத் தாமதம் போய்விட்டது. குளிர்ந்த காலையில் லேசான இடி மட்டும் இன்னும் இருக்கிறது, அது முழுதாகப் போகும் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு முறை எடுத்த டிஷ்யூ பேப்பரையும் கேட்டு வாங்கி, மேலே தேதி எழுதி, அந்த பில் ஃபைலிலேயே வைத்துக்கொண்டு போனார். மூன்றாவது முறைக்குத் தீபாவளி கழித்து வருவார்.