ஈர ஓடுபாதையில் விமானம் ஏன் நிற்க மறுக்கிறது

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையேறிய நாள். மீனம்பாக்கத்தில் இறங்க வந்த இண்டிகோ விமானம் ஒன்று தரையைத் தொடப்போகும் நேரத்தில் காற்றில் ஒரு பக்கமாக ஆடி, அப்படியே மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போன வீடியோ பலருக்கு ஞாபகம் இருக்கும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஒரு வாட்ஸ்அப் குழு விடாமல் சுற்றியது, கூடவே 'மயிரிழையில் தப்பினார்கள்' என்ற வழக்கமான வரியும். "அந்தப் பையனுக்கு இறக்கத் தெரியலையாடா?" என்று என் சித்தி கேட்டார். இறக்கத் தெரிந்த விமானி செய்யவேண்டியதைத்தான் அவர் செய்தார். அதற்குப் பெயர் கோ அரவுண்ட்: சரிப்படவில்லை என்றால் எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வருவது, அல்லது வேறு ஊருக்குப் போய்விடுவது. வீடியோவில் பயங்கரமாகத்தான் இருக்கும். ஆனால் மழையில் ஓடுபாதையைத் தாண்டி ஓடிய விமானங்களின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால், பலவற்றில் அந்தக் கோ அரவுண்டைச் செய்யாமல் விட்டதுதான் கதையின் நடுவில் இருக்கிறது.

முதலில் கணக்கு. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானங்கள் தரையைத் தொடும்போது வேகம் சுமார் 140 நாட், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர். ஒரு விநாடிக்கு 70 மீட்டருக்கு மேல். ஓடுபாதை தொடங்கி ஏறத்தாழ 300 மீட்டரில் சக்கரம் படவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அங்கே படாமல் பத்து விநாடி மிதந்துகொண்டே போனால் 700 மீட்டர் ஓடுபாதை சும்மா பின்னால் போய்விடும். பின்னாலிருந்து 10 நாட் காற்று தள்ளினால் நிற்கத் தேவையான தூரம் சுமார் 20 சதவீதம் கூடும். வேகம் 10 சதவீதம் அதிகமாக இருந்தால் பிரேக் தின்னவேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

இதெல்லாம் தெரிந்துதான் விதி எழுதியிருக்கிறார்கள். ஜெட் விமானம் கிளம்பும் முன்பே, போகும் ஊரின் ஓடுபாதையில் 60 சதவீதத்துக்குள் நின்றுவிட முடியும் என்று கணக்கு காட்டவேண்டும். ஈரமாக இருக்கும் என்றால் அப்படித் தேவைப்படும் ஓடுபாதை நீளத்தோடு இன்னும் 15 சதவீதம் சேர்க்கவேண்டும். கேட்க நிறைய உபரி இருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்த அடிப்படை எண்ணே சோதனை விமானி காய்ந்த தரையில் முழு பிரேக் போட்டு எடுத்த எண். கொஞ்சம் வேகம், கொஞ்சம் பின்காற்று, கொஞ்சம் மிதப்பு மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் உபரி காலி.

சரி, தண்ணீர் என்ன செய்கிறது? மணலி நெடுஞ்சாலை ஓரம் ஒரு பஞ்சர் கடையில் மழை நாளில் நின்று பாருங்கள். கார்காரர் வந்து "முப்பத்திரண்டு வைங்கண்ணே" என்பார், கண்டெய்னர் டிரெய்லர் வந்தால் 110, 120 என்று காற்று ஏறும். உருளும் டயர் தன் முன்னால் இருக்கும் தண்ணீரைப் பிதுக்கி வெளியே தள்ளவேண்டும். வேகம் கூடக்கூட தண்ணீருக்கு விலக நேரம் போதாது. ஒரு கட்டத்தில் தண்ணீரின் அழுத்தம் டயரையே தூக்கிவிடும், ரப்பர் தரையைத் தொடவே தொடாது. 1960களில் நாசாவில் இதை ஆராய்ந்தவர்கள் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்கள்: டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ. கார் டயருக்கு மணிக்கு 95 கிலோமீட்டர் பக்கம் வரும். 737-இன் டயரில் காற்று 200 பி.எஸ்.ஐ. சுமார், அதற்கு 127 நாட். தரை தொடும் விநாடியில் சக்கரம் இன்னும் சுழலத் தொடங்கியிருக்காது, அப்படிச் சுழலாத டயருக்கு 9-க்குப் பதில் 7.7 என்றார்கள், அப்போது 109 நாட்தான். விமானம் இறங்குவதோ 140-இல். ஆக, தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில் முதல் சில நூறு மீட்டருக்கு பிரேக்கை நம்ப முடியாது.

விமான டயரில் நம் பைக் டயர் மாதிரி பட்டன் எல்லாம் கிடையாது. சுற்றிலும் ஓடும் நாலைந்து நேர்க்கோட்டுப் பள்ளங்கள், அவ்வளவுதான். தண்ணீரை வெளியேற்றும் வேலையில் பாதியை ஓடுபாதை செய்யவேண்டும். நடுவில் கொஞ்சம் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் போடுவார்கள். பல ஊர்களில் குறுக்காக 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வரிவரியாகக் கீறியும் விடுவார்கள். ஆனால் பலமான பக்கவாட்டுக் காற்று அடித்தால் சரிவில் இறங்கவேண்டிய தண்ணீரை அதுவே திருப்பித் தள்ளி நடுவில் நிறுத்தும்.

இன்னொரு வில்லங்கம் ரப்பர். ஒவ்வொரு விமானமும் தொடும்போது கொஞ்சம் ரப்பரை உருக்கித் தரையில் பூசிவிட்டுப் போகிறது. அந்தக் கறுப்புப் பூச்சு கீறல்களை அடைத்துவிடும். மெல்லிய ஈரம் பட்டாலே வழுக்கும், தண்ணீர் தேங்கவேண்டும் என்றுகூட இல்லை. இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது, ஓடுபாதைக்கு இரண்டு முனை. அந்தப் பக்கமிருந்து வரும் விமானங்கள் தொடும் இடம், இந்தப் பக்கமிருந்து வருபவருக்குக் கடைசி 600, 700 மீட்டர். கடைசியாக பிரேக்கை அழுத்தி நிற்கவேண்டிய இடத்தில்தான் ரப்பர் கனமாக அப்பியிருக்கும். அதனால்தான் அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சி அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். 2021 நவம்பரிலிருந்து உலகம் முழுக்க ஒரே மாதிரியாக, ஓடுபாதையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் பிடிப்பு எவ்வளவு என்று 0 முதல் 6 வரை எண் சொல்கிறார்கள்: காய்ந்திருந்தால் 6, 3 மில்லிமீட்டர் வரை ஈரம் என்றால் 5, அதைத் தாண்டி நின்றால் நேராக 2. மழை வலுத்தால் 5 எப்போது 2 ஆனது என்பது விமானிக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆகும், அது வேறு கதை.

நிறுத்த மூன்று வழிகள். இறக்கையின் மேல் எழும் தகடுகளான ஸ்பாய்லர், எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பும் ரிவர்ஸர், சக்கர பிரேக். ஸ்பாய்லர் எழுந்தால்தான் இறக்கை தூக்குவதை நிறுத்தும், எடை சக்கரத்தின் மேல் உட்காரும். எடை உட்காராத சக்கரத்தில் பிரேக் போட்டு என்ன பயன்? 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் லுஃப்தான்சாவின் ஏ320 ஈர ஓடுபாதையில் இப்படி மாட்டியது. காற்று சரியில்லை என்று விமானிகள் கொஞ்சம் கூடுதல் வேகத்தில், ஒரு பக்கம் சாய்த்து இறக்கினார்கள். ஒரு பக்கச் சக்கரம் முதலில் பட, மறுபக்கச் சக்கரம் சுமார் 9 விநாடி கழித்துத்தான் அழுந்தியது. இரண்டு பக்கமும் அழுந்தவேண்டும், இல்லையேல் சக்கரம் குறிப்பிட்ட வேகத்தில் சுழலவேண்டும் என்பது ஸ்பாய்லர் திறக்க விமானத்தின் நிபந்தனை. சக்கரமோ தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பொறுப்பாக எழுதப்பட்ட நிபந்தனைதான், நடுவானில் ஸ்பாய்லரும் ரிவர்ஸரும் திறந்துவிடக் கூடாதே. அன்றைக்கு அதுவே 9 விநாடியைத் தின்றது. விமானம் ஓடுபாதை முடிந்து ஒரு மண்மேட்டில் மோதி, 2 பேர் இறந்தார்கள்.

அதனால் மழை நாளில் விமானம் டம்மென்று தரையில் உட்கார்ந்தால் திட்டாதீர்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து மெட்ரோவில் விம்கோ நகர் வரும்வரை "போட்டு உடைச்சிட்டான்" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தமாக இறக்கினால் டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும், சக்கரம் சுழலும், ஸ்பாய்லர் உடனே எழும். பூப்போல இறக்கப் பார்ப்பவர் மிதந்துகொண்டே போவார்.

பயிற்சி எங்கே வருகிறது? 1999 செப்டம்பர் 23, பாங்காக். குவான்டாஸின் 747, கொட்டும் மழை. கொஞ்சம் உயரமாகவும் வேகமாகவும் வந்தார்கள். கோ அரவுண்ட் என்று சொன்ன கேப்டன், சக்கரம் தரையில் பட்டதும் மனம் மாறி, சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சின் லீவர்களைப் பின்னுக்கு இழுத்தார். அந்தக் குழப்பத்தில் ரிவர்ஸரை யாருமே போடவில்லை. 400-க்கும் மேற்பட்டவர்களோடு ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. நல்ல வேளை, யாரும் சாகவில்லை. ஆஸ்திரேலிய விசாரணை விமானிகளோடு நிற்கவில்லை. இறக்கையின் பின்பக்கம் கீழிறங்கி மெதுவாக இறங்க உதவும் ஃபிளாப்பைக் குறைவாக இறக்கினால் போதும், ரிவர்ஸரைத் திறந்தாலும் எஞ்சின் வேகத்தைக் கூட்டாத ஐடில் ரிவர்ஸே போதும் என்று நிறுவனம் அப்போது பழக்கியிருந்தது. காய்ந்த ஓடுபாதைக்கு அது சிக்கனம். தண்ணீர் நிற்கும் ஓடுபாதையில் எப்படி இறக்குவது என்பதற்குப் போதிய பயிற்சி இல்லை என்றது அறிக்கை. ஈரத்தில் டயரை நம்பாத பிரேக் ரிவர்ஸர், அதையே கை மறந்துபோயிருந்தது.

நமக்குப் பக்கத்துக் கதை கோழிக்கோடு, 2020 ஆகஸ்ட் 7. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737, துபாயிலிருந்து 190 பேர். முதல் முறை இறங்க வந்தபோது கேப்டன் பக்கத்துக் கண்ணாடி வைப்பர் வேலை செய்யவில்லை, சரியாகவே கோ அரவுண்ட் போனார்கள். இரண்டாம் முறை எதிர்முனையிலிருந்து, பின்காற்றோடு வந்தார்கள். 2,700 மீட்டர் ஓடுபாதையில் சுமார் 1,350 மீட்டர் தாண்டித்தான் சக்கரம் பட்டது. மேட்டின் மேல் அமைந்த ஓடுபாதை. முடியும் இடத்தில் பள்ளம். 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் உட்பட. துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. சொன்னதைக் கேப்டன் கேட்காததையும், சொன்னவர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளாததையும் விசாரணை அறிக்கை காரணமாக எழுதியது. இது மழைக்கு மட்டும் உரியதும் இல்லை: 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்தபோது ஓடுபாதை காய்ந்திருந்தது, அங்கேயும் துணை விமானி கோ அரவுண்ட் சொல்லியிருந்தார்.

விமானப் பாதுகாப்புக்கான அமைப்பான ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் செய்த ஆய்வில், வேகமோ உயரமோ சரியாக அமையாமல், நிலைப்படாமல் இறங்க வரும் விமானங்கள் நூற்றுக்கு மூன்று நான்குதான். ஆனால் அவற்றில் 97 சதவீதம் கோ அரவுண்ட் போகாமல் இறங்கியே விடுகின்றன. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதுதான் சிக்கலே, ஒன்றும் ஆகாத ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குத் தைரியம் கொடுக்கிறது.

இந்தியாவில் 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் உரிமம். கேப்டன் ஆக வேண்டிய உரிமத்துக்கு 1,500 மணி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை, மோசமான வானிலைக்கும் மழைக்காலத்துக்கும் என்று தனிப் பயிற்சியும் உண்டு. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில். சிமுலேட்டரில் வழக்கமாகப் பழகும் கோ அரவுண்ட், ஒரு எஞ்சின் போனபிறகு, மேகத்துக்குள், 200 அடியில், வரும் என்று முன்கூட்டியே தெரிந்து செய்வது. நிஜத்தில் வருவதோ இரண்டு எஞ்சினும் நன்றாக இருக்கும்போது, ஓடுபாதை கண்ணுக்கு நேரே விளக்கு போட்டு நிற்கும்போது, சக்கரம் தரைக்கு இருபது அடி மேலே மிதந்துகொண்டிருக்கும்போது. அப்புறம், சிமுலேட்டர் காட்டும் ஈரத் தரையும் ஒரு தோராயம்தான். எந்த இடத்தில் எவ்வளவு வழுக்கும் என்பதை அதுவும் ஊகித்துத்தான் சொல்கிறது.

துணை விமானி கட்டுப்பாட்டை வாங்குவதைப் பற்றியும் வெறுமனே பேசிப் பயன் இல்லை, பழக்கவேண்டும். கேப்டன் மயங்கிப்போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு நடைமுறை ஏற்கனவே இருக்கிறது: இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள். அதையே விழித்திருந்தும் கேட்காத கேப்டனுக்கும் பொருத்தினால் போதும். இருபத்தைந்து வயதுப் பையனையோ பெண்ணையோ உட்காரவைத்து, பக்கத்தில் கேப்டனாக இருக்கும் பயிற்சியாளர் வேண்டுமென்றே காதில் விழாத மாதிரி மிதந்துகொண்டே போகட்டும். ரிவர்ஸரைத் திறந்துவிட்டால் அதன்பிறகு மேலே ஏறுவது கிடையாது, நின்றே ஆகவேண்டும். எனவே அந்த லீவர் இழுபடுவதற்கு முன் பக்கத்து சீட்டிலிருந்து கை வந்ததா இல்லையா என்று பார்த்து மதிப்பெண் போடட்டும்.