சாளக்கிராமம் மலையேறிய கதை

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் ஆச்சி சாமி அறையில் வைத்திருக்கும் சாளக்கிராமத்தில் இருப்பது கடல் உயிரியின் ஓடு என்கிறீர்கள். அது நேபாள மலையில் கிடைக்கிறதே, கடல் அங்கே எப்படிப் போனது?”

கடல் போகவில்லை, கடலின் தரை போனது. அந்தச் சுருள், அம்மோனைட் என்ற, இன்று அழிந்துபோன கடல் உயிரியின் ஓடு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே அன்றிருந்த டெத்திஸ் கடலின் சேற்றில் புதைந்தது. அப்புறம் இந்தியா வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இதுவரை பள்ளிப் பாடம். பாறை மடிந்து மலையானது என்று பாடம் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு ஆசையெல்லாம் அது எப்படி மடிந்தது என்பதில்தான்.

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு முற்றத்தில் நெல் காயும். சாயங்காலம் அப்பத்தா பலகையை நிமிர்த்திப் பிடித்துத் தள்ளிக் குவிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தூரத்தில் பரவிக் கிடக்கும் நெல் அசையவே அசையாது. பலகையை ஒட்டிய நெல்தான் முதலில் புடைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உயரும். பின்னால் உயரம், முன்னால் மெலிவு என்று ஓர் ஆப்பு வடிவம் வந்துவிடும். சரிவு ஓர் அளவை எட்டும்வரை குவியல் தனக்குள்ளேயே தடித்துக்கொண்டிருக்கும். எட்டியதும் மொத்தமாக வழுக்கி முன்னேறி, எதிரே கிடக்கும் புது நெல்லைப் பிளந்து தன்னோடு சேர்த்துக்கொள்ளும்.

இமயமலையும் இப்படி வளர்ந்ததுதான். அங்கே பலகை ஆசியா, நெல் இந்தியாவின் பாறை அடுக்கு. பலகை நெல்லை நோக்கிப் போனாலும், நெல் பலகையை நோக்கி வந்தாலும் குவியல் ஒன்றுதான். பாறை அடுக்கு உடைந்து, பழைய துண்டு புதியதன்மேல் ஏறும் இடத்தை உந்துப்பிளவு என்கிறோம். வடக்கே இருக்கும் பெரிய உந்துப்பிளவு மூத்தது. தெற்கே சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் இருப்பது இளையது, இன்றும் நகர்வது. மலை தன் காலை முன்னால் நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது. புல்டோசர் முன்னால் குவியும் மண்ணை உவமையாக வைத்து டேவிஸ், சப்பி, டாலன் என்ற புவி அறிவியலாளர்கள் மூவரும் 1983-இல் இதைச் சமன்பாடாக்கினார்கள்.

அதில் என்னை மயக்கியது தரையின் பங்கு. ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தாழ்வாரத்தில் தள்ளினால் குவியல் தாழ்வாக நீளும். சொரசொரப்பான முற்றத்திலோ நெட்டுக்குத்தாக எழும்பும். பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமிக்கு அடியில் உப்புப் படிவம் கிடக்கிறது. உப்பு வழுக்கும். அதனால் அங்கே மலைப் பட்டை சரிவே தெரியாமல் வெகுதூரம் அகன்று கிடக்கிறது.

இதைப் பார்க்கக் கோடிக்கணக்கில் செலவு வேண்டாம். 1880களிலேயே ஸ்காட்லாந்தில் ஹென்றி கேடெல் என்ற புவியியலாளர் ஒரு பெட்டியில் மணலையும் களிமண்ணையும் அடுக்கித் தள்ளிப் பார்த்தார். நம் அரசுப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு நிற மணலும் கொடுக்க வேண்டும். நான் இதை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சரி, சாளக்கிராமத்துக்கு வருவோம். சின்ன வயதில் பலகைக்குப் பக்கத்தில், நெல்லுக்கு நடுவே ஒரு புளியங்கொட்டையைப் புதைத்து வைத்தேன். அப்பத்தா தள்ளத் தள்ள, உச்சியில் சேரும் நெல்லைக் கையால் வழித்து எடுத்தேன். மலையை மழையும் ஆறும் அரிப்பது போல. கொஞ்ச நேரத்தில் கொட்டை மேலே எட்டிப் பார்த்தது. நேபாளத்தில் அப்படி வழித்தெடுக்கும் கை, காளி கண்டகி ஆறு.