லேசருக்காகக் காத்திருந்த 11 மாதங்கள்

போன வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். பிள்ளைக்கு 11 மாதம். மேலுதடு இடப்பக்கமாக மூக்குத் துவாரம் வரை பிளந்திருந்தது. உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டொக்டர், இங்கே லேசர் செய்வீங்களா? கத்தி வைக்காமல் செய்யலாமாம்." போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். கத்தியில்லை, தையலில்லை, தழும்பில்லை என்று போட்டிருந்தது. அதற்குக் காசு சேர்க்கத்தான் அந்தக் குடும்பம் இத்தனை மாதமும் காத்திருந்திருக்கிறது. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே சிறுவர் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது கிளினிக் கொப்பிக்குள் மடித்தபடியே இருந்தது.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கத்தி என்ற சொல்லுக்கே ஒரு பச்சிளம் பிள்ளையின் தாய் நடுங்குவார். அந்தப் பயத்தைக் காசாக்குகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

பிறவி உதட்டுப் பிளவை லேசரால் மூட முடியாது. லேசர் என்பது ஒளி. அதைக் கொண்டு சதையைச் சுடலாம், வெட்டலாம், ஆவியாக்கலாம். விலகி நிற்கிற இரண்டு கரைகளை இழுத்து ஒன்றாகப் பிடித்து வைக்க ஒளியால் ஆகாது. அதோடு, பிளந்திருப்பது தோல் மட்டுமும் இல்லை. வாயைச் சுற்றி வளையம்போல ஒரு தசை ஓடுகிறது. பால் உறிஞ்ச, ஊத, முத்தம் கொடுக்க எல்லாம் அதுதான் வேண்டும். பிளவுள்ள பிள்ளைக்கு அந்த வளையம் அறுந்து, மூக்கின் அடியில் போய்த் தவறாக ஒட்டியிருக்கும். பிள்ளை அழும்போது உதட்டோரம் புடைத்து எழுவது அதனால்தான். அந்தத் தசையை அங்கிருந்து விடுவித்து, கீழே திருப்பி, மறுபக்கத்துத் தசையோடு சேர்த்துத் தைக்க வேண்டும். தோலை மட்டும் ஒட்டி அனுப்பினால் சிரிக்கும்போது தெரிந்துவிடும்.

மயக்க மருந்தில் பிள்ளை மயங்கியதும் எங்கள் கை முதலில் போவது கவராயத்துக்கும் நீல மைக்கும்தான். ஊசி முனையில் மை தொட்டு உதட்டில் புள்ளி புள்ளியாக வைப்போம். உதட்டின் சிவப்பும் முகத்தோலும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் பாருங்கள், தெரியும். இரண்டு பக்கத்து வரம்பும் நேராகச் சந்திக்க வேண்டும். 1 மில்லிமீற்றர் பிசகினாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் அது படும். அதனால் புள்ளி வைக்கிற நேரத்தில் நாங்கள் யாரும் பேசுவதில்லை. 1950களில் ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் காட்டிய வழி ஒன்று உண்டு. உதட்டின் ஒரு பக்கத்தைக் கீழே சுழற்றி, மறுபக்கத்தை முன்னுக்குக் கொண்டுவருவது. உலகெங்கும் இன்றும் பெரும்பாலும் அதையோ, அதிலிருந்து வந்த முறைகளையோதான் செய்கிறோம்.

சரி, எப்போது செய்வது? வழக்கமாக 3 மாதம் முதல் 6 மாதத்துக்குள். 10 வாரம், 10 இறாத்தல் எடை, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 10 இறாத்தல் என்றால் ஏறக்குறைய நாலரைக் கிலோ. அண்ணமும், அதாவது வாயின் மேற்கூரையும், பிளந்திருந்தால் அதற்கு இன்னொரு சத்திரசிகிச்சை, பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள். அதைத் தள்ளிப்போட்டால் பேச்சு கெடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கோர்ப்பதும் அதிகம், ஆகவே செவிப்புலனையும் பார்க்க வேண்டும். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு நல்லவேளையாக அண்ணம் முழுதாக இருந்தது. ஆனால் எடை குறைவு. படுக்க வைத்தே பால் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளை நிமிர்த்திப் பிடித்துத்தான் பால் கொடுக்க வேண்டும், இடையிடையே ஏவறை எடுக்க வேண்டும். உறிஞ்ச முடியாவிட்டால் தாய்ப்பாலைப் பீய்ச்சி, அமுக்கக்கூடிய மெதுவான போத்தலிலோ கரண்டியிலோ கொடுக்கலாம்.

கூட வந்த அம்மம்மா மெதுவாகக் கேட்டார், "கிரகணத்தண்டு இவள் குசினியில மரக்கறி வெட்டினவள், அதாலயோ?" மகள் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை, அம்மா. மேலுதடு கூடுவது கர்ப்பத்தின் 4ஆம் கிழமைக்கும் 7ஆம் கிழமைக்கும் இடையில். வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பதே பல தாய்மாருக்குச் சரியாகத் தெரியாத நாட்கள் அவை. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்த்துப் பார்த்தால் உலகில் ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. பரம்பரை, புகைத்தல், கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்கான சில மருந்துகள் என்று பல காரணங்கள் சேரலாம். வலிப்பு மருந்து எடுக்கிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல், கர்ப்பத்துக்கு முன்பே வைத்தியரோடு பேச வேண்டும். கிரகணத்துக்கு இதில் வேலையே இல்லை. இதைச் சொன்னதும் அந்தத் தாய் அழுதார். 11 மாதமாக யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை.

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. கொழும்பில் என்றால் பொரளையிலுள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பிறந்த வாரத்திலேயே காட்டுங்கள். பால் கொடுப்பதைப் பழக்குவதற்கே அது உதவும். மாதங்கள் போய்விட்டதா? அப்போதும் வாருங்கள். பிந்திச் செய்தாலும் உதடு நன்றாகவே கூடும்.

அந்தப் பிள்ளைக்கு எடையைக் கூட்டி, பிறகு சத்திரசிகிச்சை செய்தோம். 6ஆம் கிழமை வந்தபோது தழும்பு செக்கச்செவேலென்று தடித்திருந்தது. தாய் பயந்துபோனார். "டொக்டர், இதுக்காவது லேசர் செய்யலாமா?"

இந்தக் கேள்வி சரியான கேள்வி. சிவந்த தழும்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்க 585 அல்லது 595 நானோமீற்றர் அலைநீளமுள்ள சாய லேசர் இருக்கிறது. மேடுபள்ளத்தைச் சமப்படுத்த கார்பன் டையொக்சைட் லேசர். இரண்டும் தழும்பை மங்கச் செய்யும், அடியோடு அழிக்காது. எங்கள் மாநிறத் தோலில் அளவு மீறினால் அந்த இடம் கருத்துப்போகும் என்பதால் அனுபவமுள்ளவர் கையில்தான் செய்ய வேண்டும். ஆனால் 6ஆம் கிழமைச் சிவப்பு எல்லாப் பிள்ளைக்கும் வருவது. தழும்பு முற்றி வெளிற ஒரு வருடம் வரை எடுக்கும்.

விரலைத் தழும்பில் வைத்து, எவ்வளவு அழுத்தித் தேய்ப்பது என்று காட்டிக் கொடுத்தேன். காலையும் மாலையும் 5 நிமிடம், வெயிலில் போனால் தொப்பி. லேசர் வேண்டுமா என்று அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன். அவர் தன் விரலை வைத்து ஒரு தடவை செய்து பார்த்தார். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.