வழு: ‘பக்’ என்பதற்குரிய தமிழ்ச் சொல்

திருகோணமலையில் மாணவர் சிலருக்கு, பழைய பாணிச் சாகச விளையாட்டுகளை ஆக்க உதவும் ‘அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோ’ என்னும் மென்பொருளைக் கற்பித்து வருகிறேன். அவர்களிடமிருந்து அடிக்கடி கேட்பது, “சேர், கோட் எல்லாம் சரி, ஆனா வேலை செய்யுதில்லை” என்னும் முறைப்பாடே. இந்த நிலையைச் சிலர் ‘பக்’ என்பர். சிலர் ‘பிழை’ என்பர். ‘வழு’ என்பதே இதற்கு மிகப் பொருந்தும் என்பது என் துணிபு.

‘வழுவுதல்’ என்றால் நிற்க வேண்டிய நிலையிலிருந்து நழுவுதல். கடற்கரையில் பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கும்போது காலிலும் குறையில்லை, கல்லிலும் குறையில்லை; இரண்டுக்கும் இடையிலான பிடியே தவறுகிறது. இலக்கண நூலார் இச்சொல்லை ஆண்டதும் இப்பொருளிலேயே. ‘அவன் வந்தாள்’ என்னும் தொடரில் இரு சொற்களும் தனித்தனியே பழுதற்றவை. அவற்றின் இயைபுதான் கெட்டிருக்கிறது. ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ (விடையும் வினாவும் வழுவாமல் காக்க) என்று தொல்காப்பியம் விதிக்க, நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை வழுக்களை வகுத்துரைக்கிறது.

கன்னியா வெந்நீரூற்றைக் காட்சியாக வரைந்த மாணவி ஒருத்தி, கிணற்றைச் சொடுக்கினால் வாளி கிடைக்கும்படி ஒரு செயற்கூற்றை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பை, எழுதியிருந்தாள். எழுத்தில் ஒரு குற்றமும் இல்லை. மென்பொருளும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. ஆனால் கிணற்றின் நிகழ்வுப் பட்டியலில் அச்செயற்கூற்றை இணைக்காமல், வேறோரிடத்திலிருந்து எடுத்து ஒட்டியிருந்ததால், எத்தனை முறை சொடுக்கினாலும் ஒன்றும் நிகழவில்லை. சொடுக்கு ஒரு வினா, செயற்கூறு அதற்குரிய விடை. வினா விடையைச் சென்றடையவில்லை. இணைத்த பின் வேறொன்று தோன்றியது. நடக்கச் சொல்லும் கட்டளை, நடந்து முடியும்வரை காத்திருக்கும்படி நாம் குறிப்பிடாவிட்டால் காத்திருக்காது. அடுத்த வரி உடனே இயங்கும். ஆகவே பாத்திரம் கிணற்றை நெருங்குமுன்பே வாளி அதன் பையில் சேர்ந்துவிட்டது. ‘நாளை வந்தான்’ என்பது போன்ற கால வழுவாகவே இதை நான் அவளுக்கு விளக்கினேன். விட்டுப்போன அரைப்புள்ளியையோ மூடப்படாத அடைப்புக்குறியையோ மென்பொருளே சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். அவற்றைப் ‘பிழை’ என்றும், தடையின்றி இயங்கியும் கருதியது நடவாத நிலையை ‘வழு’ என்றும் பிரித்து வழங்குவது கற்பவருக்குப் பெரிதும் உதவும்.

‘பக்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பூச்சி என்பது பொருள்; அதன் வரலாறு வேறு. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, ஹார்வார்ட் மார்க் 2 கணினியின் ‘ரிலே’ என்னும் மின்காந்த ஆளி ஒன்றினுள் சிக்கிய விட்டிற்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். சொல் பிறந்தது அன்றுதான் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் எடிசன் 1878ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே கருவிகளின் சிறு கோளாறுகளை இச்சொல்லால் குறித்திருக்கிறார். எவ்வாறாயினும் ‘பூச்சி’ என்று மொழிபெயர்ப்பது தமிழில் எதையும் உணர்த்தாது.

எமது மாணவருக்கு ‘வழு’ புதிய சொல்லுமன்று. வேணியர் இடுக்கியின் ‘பூச்சிய வழு’வைப் பௌதிக வகுப்பில் படித்தவர்களுக்கு, தமிழகப் பாடநூல்கள் ‘சுழிப்பிழை’ என்று கூறும் அதே கருத்து, இச்சொல்லோடுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. இதிலிருந்து வழுநீக்கல், வழுநீக்கி என்னும் சொற்கள் இயல்பாகவே அமைகின்றன. ‘வழுத்துதல்’ என்று மட்டும் வினை ஆக்கிவிடக் கூடாது. அதற்குப் போற்றுதல் என்பது பொருள்.

இலக்கணம் இன்னுமொரு சொல்லைத் தந்திருக்கிறது. பசுவை அன்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுவே ஆயினும், காரணம் பற்றி ஏற்கப்படுவதால் அது ‘வழுவமைதி’ எனப்படும். அம்மாணவியின் விளையாட்டில் கிணற்றருகே நிற்கும் ஆடு, எத்திசையில் நடந்தாலும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நகர்கிறது. அவள் அதைத் திருத்த விரும்பவில்லை. திருத்த வேண்டியவற்றின் பட்டியலில் அதற்கு எதிரே ‘வழுவமைதி’ என்று எழுதியிருக்கிறோம்.